அந்த மையத்தால் என்ன பயன்? டாட்டன்ஹாம் சொல்லும் கதை

காலனியில் படிப்பகமோ மாலைநேர மையமோ நடத்திப் பார்த்த தோழர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கவுன்சிலர் நிதியிலோ நகராட்சி நிதியிலோ ஒரு அறை கிடைக்கும். கேரம் போர்டு, நாலு நாற்காலி, தினத்தாள், சுவரில் பாபாசாகேப் படம். ஒரு வருடம் ஓடும். பிறகு ஒரு நாள் அதிகாரி வருவார். பதிவேட்டைப் புரட்டுவார். "இதனால என்னப்பா பயன்? எத்தனை பேர் பாஸ் பண்ணாங்க? எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுது?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டே கேரம் ஆடும் பையன்களை ஒரு பார்வை பார்ப்பார். அவர் எழுதப்போகும் அறிக்கை அந்தப் பார்வையிலேயே முடிந்திருக்கும்.

கேள்வியே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். பொதுப் பணம் செலவாகிறது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் யார் கேட்கிறார்கள், அந்தப் பையன்களை யாரோடு ஒப்பிட்டுக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரே மையம் வெற்றியாகவும் தெரியும், வீண்செலவாகவும் தெரியும். இதை நமக்கு முன்னாலேயே பட்டு அனுபவித்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் உள்ளூர் கவுன்சில் பணத்தில் நடந்த யூத் கிளப்புகளின் கதை அது. பதின்ம வயதுப் பிள்ளைகள் பள்ளி முடிந்து தங்கள் இஷ்டப்படி வந்து போகும் இடம்தான் யூத் கிளப். பாடத்திட்டம் கிடையாது, கட்டாய வருகை கிடையாது. பொறுப்புக்கு ஒரு இளைஞர் பணியாளர் இருப்பார். அவ்வளவுதான். அந்த நாட்டின் மொத்தக் கதையையும் சொல்ல இடம் போதாது. வடக்கு லண்டனில் டாட்டன்ஹாம் என்ற ஒரு பகுதியைச் சுற்றியே பேசுகிறேன்.

முதலில் கொஞ்சம் முன்கதை. 1958இல் நாட்டிங்ஹாமிலும் லண்டனின் நாட்டிங் ஹில்லிலும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய கறுப்பின மக்கள் மீது வெள்ளைக் கும்பல்கள் தாக்குதல் நடத்தின. கட்டாய ராணுவ சேவையும் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. தெருவில் நிற்கும் இளைஞர்களை என்ன செய்வது என்ற கவலை அரசுக்கு வந்தது. அந்த வருடம் ஆல்பமார்ல் சீமாட்டி தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 1960இல் அறிக்கை வந்தது. முழுநேர இளைஞர் பணியாளர்களின் எண்ணிக்கையைச் சுமார் 700இலிருந்து 1966க்குள் 1,300 ஆக உயர்த்தச் சொன்னது அது. புதுக் கட்டடங்கள் கட்டச் சொன்னது. பிள்ளைகள் ஒன்றுகூடுவதையே முதல் நோக்கங்களில் ஒன்றாக வைத்தது. கூடிப் பேசுவது, கூடி விளையாடுவது, அதற்கு ஒரு கூரை. அதற்கு மேல் நியாயம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாடு முழுவதும் கட்டடங்கள் எழுந்தன. அவற்றில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பது வேறு கதை. 1967இல் அதற்கென்றே ஹன்ட் குழு தனியாக ஓர் அறிக்கை எழுத வேண்டியிருந்தது என்பதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

அதே 1967இல்தான் டாட்டன்ஹாமில் பிராட்வாட்டர் ஃபார்ம் குடியிருப்பைக் கட்டத் தொடங்கினார்கள். ஹாரிங்கே கவுன்சிலின் வாடகை வீடுகள், ஆயிரத்துக்கும் மேல். மோசல் என்ற சிற்றாற்றில் வெள்ளம் வரும் என்பதால் பிளாக்குகளைத் தூண்கள் மேல் தூக்கிக் கட்டினார்கள். தரைத்தளத்தில் வீடும் இல்லை, கடையும் இல்லை. கார் நிறுத்த இருட்டான வெற்றிடம் மட்டும். ஒரு பிளாக்கிலிருந்து இன்னொன்றுக்கு மேல்மட்டப் பாதைகள். போர்க்கால விமானப்படைத் தளங்களின் பெயர்களைப் பிளாக்குகளுக்குச் சூட்டினார்கள். சில வருடங்களிலேயே ஒழுகல், கரப்பான், பழுதான லிஃப்ட் என்று பெயர் கெட்டது. வேறு வழி இருந்தவர்கள் அங்கே வீடு வேண்டாம் என்றார்கள். வழியில்லாதவர்களைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். சென்னையில் கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் வர்ணனை தேவையில்லை. ஓர் இடத்தைக் கெட்டுப்போக விட்டு, பிறகு அந்த இடத்தின் பெயரை அங்கே வாழ்கிறவர்களின் குணமாக மாற்றுவது எல்லா ஊர்களிலும் நடக்கிறது.

1981. அந்த வருடம் ஏப்ரலில் தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டன் எரிந்தது. போலீஸின் தடுத்து நிறுத்திச் சோதிக்கும் நடவடிக்கைகள் தாளாமல் வெடித்த கலவரம். ஆண்டு இறுதியில் வந்த ஸ்கார்மன் பிரபுவின் அறிக்கை மற்ற காரணங்களோடு, இளைஞர்கள் கூடுவதற்கு இடமில்லாததையும் எழுதியது. பிராட்வாட்டர் ஃபார்மில் அதே வருடம் மூடிக் கிடந்த ஒரு மீன் வறுவல் கடையை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. போலீஸுக்கு ஓர் இடம் கொடுக்கலாம் என்ற திட்டம் எழுந்தது. அதை எதிர்த்து நின்றவர் டாலி கிஃபின். ஜமைக்காவிலிருந்து வந்தவர், தையல் தொழில் தெரிந்தவர், அங்கேயே குடியிருந்த தாய். பிள்ளைகளைத் திரட்டினார். அந்தக் கடை எங்களுக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கினார். பிராட்வாட்டர் ஃபார்ம் இளைஞர் சங்கம் அங்கேதான் பிறந்தது.

கொஞ்சம் நின்று பாருங்கள். அந்தக் கடையில் போலீஸ் வந்திருந்தாலும் அது "இளைஞர் பிரச்சினைக்குத் தீர்வு" என்றுதான் கோப்பில் ஏறியிருக்கும். ஒரே நாலு சுவர். உள்ளே இருப்பது யார் என்பதுதான் வித்தியாசம்.

சங்கம் பிள்ளைகள் வந்து உட்காரும் இடமாகத்தான் தொடங்கியது. அப்புறம் அங்கே வந்த பிள்ளைகளே முதியவர்களுக்குச் சாப்பாடு சமைத்துக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரப் பாட்டிகளுக்கும்தான். தங்கள் வாசலில் நிற்கும் கறுப்புப் பையனைக் கண்டு கதவைச் சாத்தியவர்கள் அவன் கொண்டுவந்த தட்டை வாங்கிச் சாப்பிட்டார்கள். குழந்தைகள் காப்பகம், சலவையகம், தையல், முடிதிருத்தம், புகைப்படம் என்று கூட்டுறவுத் தொழில்கள் வந்தன. கவுன்சில் நிதி வந்தது. கவுன்சில் குடியிருப்புக்குள்ளேயே அலுவலகம் திறந்தது, குடியிருப்பவர்களுக்கு வேலையும் கொடுத்தது. வீடு புகுந்து திருடுவது குறைந்தது. 1985 பிப்ரவரியில் இளவரசி டயானா வந்து பார்த்துவிட்டுப் போனார். எந்தக் குடியிருப்பில் வீடு கொடுத்தாலும் வேண்டாம் என்றார்களோ, அதையே முன்மாதிரி என்று காட்டினார்கள்.

எட்டு மாதம்கூட ஆகவில்லை. 1985 அக்டோபர் 5ஆம் தேதி, கார் சம்பந்தமான ஒரு சந்தேகத்தில் ஓர் இளைஞரைப் பிடித்த போலீஸ், டாட்டன்ஹாமில் இருந்த அவர் தாயின் வீட்டைச் சோதனை போட்டது. அந்த இளைஞர் இளைஞர் சங்கத்தில் செயல்பட்டவர். சோதனையின்போது தாய் சிந்தியா ஜாரெட் சுருண்டு விழுந்து இறந்தார். மறுநாள் போலீஸ் நிலையத்தின் முன் ஆர்ப்பாட்டம். மாலையில் பிராட்வாட்டர் ஃபார்மில் மோதல் வெடித்தது. அன்றிரவு கீத் பிளேக்லாக் என்ற காவலர் கொல்லப்பட்டார். கொலை வழக்கில் மூவருக்கு 1987இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூவரின் தண்டனையையும் ரத்து செய்தது. குற்றவாளிகளாக நின்ற நாலு வருடங்களை யாரும் திருப்பித் தரவில்லை.

இதற்குப் பிறகு அந்த மையத்தை எப்படி மதிப்பிடுவது? முந்திய நாலு வருடத்தை எல்லாம் அழித்துவிட்டு ஓர் இரவை மட்டும் வைத்து மதிப்பிட்டவர்கள் உண்டு. இவ்வளவு பணம் கொட்டியும் இதுதானா நடந்தது என்றார்கள். இன்னொரு விதமாகவும் கேட்கலாம். பிராட்வாட்டர் ஃபார்ம் பிள்ளைகளிடம் மையம் கொண்டுவந்த மாற்றத்தை, போலீஸிடம் யாராவது கொண்டுவந்தார்களா? அரசு பொது விசாரணை நடத்த மறுத்தது. அதனால் ஹாரிங்கே கவுன்சிலே வழக்கறிஞர் கிஃபர்டு பிரபு தலைமையில் சொந்தமாக ஒரு விசாரணை வைத்தது. போலீஸ் ஒத்துழைக்கவில்லை. 1986இல் வந்த அந்த அறிக்கை குடியிருப்பவர்களின் வாயிலிருந்து கேட்டு எழுதப்பட்டது. இளைஞர் சங்கம் என்ன செய்தது, அதற்கு முன் என்ன இருந்தது, போலீஸ் எப்படி நடந்துகொண்டது என்று வரிசையாக எடுத்துவைத்தது. மதிப்பீடு என்ற பெயர் அதற்கு யாரும் வைக்கவில்லை. என்னைக் கேட்டால் இளைஞர் மையம் ஒன்றைப் பற்றி நாம் படிக்க வேண்டிய மதிப்பீடுகளில் அது முதலில் வரும்.

இப்போது அதே 1986க்கு வேறு வழியாக வருவோம். பிரிட்டனில் 1970 ஏப்ரலில் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகள் எல்லோரையும் வாழ்நாள் முழுக்கத் தொடரும் ஓர் ஆய்வு இருக்கிறது. 1986இல் அவர்களுக்கு 16 வயது. ஓய்வு நேரத்தில் எங்கே போகிறாய் என்று கேட்டிருந்தார்கள். (அந்தச் சமயம் ஆசிரியர்கள் போராட்டத்தில் இருந்ததால் பள்ளிகள் வழியாகப் போன படிவங்களில் பல திரும்பவே இல்லை. பெரிய ஆய்வு என்றதும் கைகூப்பிவிடாமல் இந்த மாதிரி விவரங்களையும் தேடிப் படியுங்கள்.) அவர்கள் 30 வயதை எட்டியபின், ஃபைன்ஸ்டைன், பின்னர், டக்வொர்த் என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்தத் தரவை எடுத்துப் பார்த்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். 16 வயதில் யூத் கிளப் போனவர்கள் பெரியவர்களான பிறகு படிப்பிலும் வாழ்க்கையிலும் பின்தங்கியிருந்தார்கள். விளையாட்டு, தேவாலயம் சார்ந்த குழுக்கள் போன்றவற்றுக்குப் போனவர்கள் நன்றாக இருந்தார்கள்.

இதற்கு முன் சுவீடனிலும் இப்படியே வந்திருந்தது. அங்கே நகராட்சிகள் நடத்தும் இளைஞர் மையங்கள் ஊருக்கு ஊர் உண்டு. மஹோனி, ஸ்டாட்டின் இருவரும் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரை ஆராய்ந்து 2000இல் எழுதினார்கள். ஒழுங்குபடுத்தப்பட்ட செயல்பாடுகளுக்குப் போகும் பிள்ளைகளிடம் தீய நடத்தை குறைவு, இந்தத் திறந்த மையங்களுக்குப் போகிறவர்களிடம் அதிகம் என்றார்கள். அடுத்த வருடமே சிறுவர்களை 20 வருடம் தொடர்ந்த இன்னொரு ஆய்வும் அதையே சொன்னது.

விளைவை யோசித்துப் பாருங்கள். பிரிட்டனில் ஓர் அமைச்சரே, இந்த மாதிரி கிளப்புக்குப் போவதைவிடப் பிள்ளைகள் வீட்டில் டிவி பார்ப்பது மேல் என்ற பொருளில் பேசினார். ஆய்வாளர்கள் அப்படி மூடச் சொல்லவில்லை. அங்கே வரும் பிள்ளைகள் ஏற்கெனவே வசதி குறைந்த வீடுகளிலிருந்து வருகிறவர்கள் என்பதை அவர்களே எழுதியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் நல்ல ஏற்பாடு வேண்டும் என்றுதான் வாதிட்டார்கள். ஆனால் அறிக்கையின் முதல் வரி மட்டும்தான் மேஜைகளைத் தாண்டிப் பயணம் செய்யும்.

இதில் உள்ள பிழையை நம்மூர்க் கணக்கில் சொல்கிறேன். ஜி.ஹெச்சில் சாகிறவர்கள் அதிகம், தெருமுனைத் தனியார் கிளினிக்கில் குறைவு. அதனால் ஜி.ஹெச்சால் உயிர் போகிறது என்று யாராவது சொன்னால் சிரிப்போம். கடைசி நேரத்தில் ஆம்புலன்ஸ் எங்கே போகும் என்று நமக்குத் தெரியும். ஆனால் மே மாதம் பிளஸ் டூ தேர்வு முடிவு வரும்போது பாருங்கள். பள்ளி வகை வாரியாகத் தேர்ச்சி விகிதம் போடுவார்கள். தனியார் பள்ளி மேலே, ஆதிதிராவிடர் நலப் பள்ளி கீழே. அந்தப் பட்டியலைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் யாருமில்லை. தலையாட்டுகிறோம். வாசலிலேயே வடிகட்டிச் சேர்க்கும் பள்ளியையும், வருகிற எவரையும் சேர்க்கும் பள்ளியையும் ஒரே தராசில் வைத்த பட்டியல் அது. டாட்டன்ஹாம் கிளப்புக்கும் நம் பள்ளிக்கும் நேர்ந்தது ஒரே அநீதி.

ஆனால் தோழர்களே, இதோடு நிறுத்திக்கொண்டால் நாமும் முதல் வரியோடு நிற்கிறவர்கள் ஆவோம். அந்த ஆய்வாளர்கள் குடும்பப் பின்னணியையும் முந்திய நடத்தையையும் கணக்கில் கழித்துப் பார்த்தவர்கள்தான். கழித்த பிறகும் வித்தியாசம் மிஞ்சியது. எல்லாவற்றையும் கழிக்க முடியாது என்பது உண்மை. அதே சமயம், தொல்லையில் இருக்கும் பையன்களை மட்டும் ஓர் அறையில் சேர்த்துவிட்டு, பேசிப் பழக ஒரு பொறுப்பாளரும் இல்லாமல் விட்டால், அந்த அறை அவர்களை இன்னும் இழுத்துக்கொண்டு போகும் என்பதும் உண்மை. நமக்கே தெரியும். பொறுப்பாக இருந்த தோழர் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு எத்தனை படிப்பகங்கள் சீட்டாட்ட அறைகளாயின? பெண் பிள்ளைகள் வருவது எந்த மாதத்தில் நின்றது? பிரிட்டனிலும் யூத் கிளப் என்றால் ஸ்னூக்கர் மேஜையைச் சுற்றிப் பையன்கள் என்றுதான் இருந்தது. பெண் பணியாளர்கள் போராடி, வாரத்தில் ஒரு மாலை பெண்களுக்கு மட்டும் என்று வாங்கினார்கள். "இளைஞர்கள் 40 பேர் வந்தனர்" என்று எழுதும் படிவத்தில் இது எதுவும் தெரியாது.

படிவங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2002இல் பிளேர் அரசு இங்கிலாந்தின் கவுன்சில்களுக்கு இலக்கு நிர்ணயித்தது. 13 முதல் 19 வயதுக்குள் உள்ளவர்களில் 25 சதவீதத்தைச் சென்றடைய வேண்டும். தொடர்ந்து பங்கேற்பவர்களில் 60 சதவீதத்தினருக்குப் பதிவு செய்யத்தக்க பலன் கிடைக்க வேண்டும். 30 சதவீதத்தினருக்குச் சான்றிதழ் பெறும் பலன் கிடைக்க வேண்டும். பணம் இதைப் பார்த்து வரும். என்ன நடக்கும்? அம்மா அப்பா சண்டை தாங்காமல் வந்து ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் பணியாளர் படிவத்தை நீட்ட வேண்டும். மூன்று மாதம் கழித்து அவள் முதல் தடவை வாய் திறந்து பேசினால் அது எந்தக் கட்டத்திலும் ஏறாது. முதலுதவி வகுப்பில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஏறும். இதைத் தாங்காத பணியாளர்கள் 2009இல் இளைஞர் பணியைப் பாதுகாப்போம் என்று ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டு இயக்கமாகச் சேர்ந்தார்கள். தங்கள் மாலைகளில் உண்மையில் நடந்தவற்றைக் கதைகளாக எழுதித் தொகுத்து 2011இல் புத்தகமாகவும் போட்டார்கள். எண்ணோடு மோதக் கதை போதுமா என்றால், போதவில்லை. அவர்கள் எழுதிக்கொண்டிருந்தபோதே கதவுகள் மூடிக்கொண்டிருந்தன.

2010இல் ஆட்சி மாறியது. சிக்கனம் என்ற பெயரில் கவுன்சில்களுக்குப் போகும் நிதியை மத்திய அரசு வெட்டியது. கவுன்சில் எதை முதலில் மூடும்? சட்டப்படி இவ்வளவு செய்தே ஆக வேண்டும் என்று வரையறுத்துச் சொல்லாததை. யூத் கிளப் அப்படிப்பட்டது. ஹாரிங்கே இளைஞர் சேவை நிதியில் முக்கால் பங்கை வெட்டியது. 13 கிளப்புகளில் 8 மூடப்பட்டன. 2011 ஜூலை கடைசியில் ஒரு நாளிதழ் அந்தப் பிள்ளைகளைப் படம் பிடித்து வெளியிட்டது. கலவரம் வரும் என்று அதில் ஓர் இளைஞர் வெளிப்படையாகவே சொன்னார். ஒரு வாரம் கழிந்தது. ஆகஸ்டு 4ஆம் தேதி மார்க் டக்கன் என்ற இளைஞரை டாட்டன்ஹாமில் போலீஸ் சுட்டுக் கொன்றது. அவர் பிராட்வாட்டர் ஃபார்மில் வளர்ந்தவர். 6ஆம் தேதி அங்கிருந்து ஊர்வலம் கிளம்பியது. 26 வருடத்துக்கு முன் சிந்தியா ஜாரெட்டுக்காகக் கூடிய அதே போலீஸ் நிலையத்துக்கு. பதில் சொல்ல யாரும் வரவில்லை. இரவுக்குள் டாட்டன்ஹாம் எரிந்தது. அடுத்த சில நாட்களில் இங்கிலாந்தின் பல நகரங்களுக்குப் பரவியது.

கிளப் மூடியதால்தான் கலவரம் வந்தது என்று நான் எழுதமாட்டேன். 1985இல் கிளப் திறந்திருந்தபோதும் வந்தது. இரண்டு தடவையும் தொடக்கத்தில் இருந்தது போலீஸ் கையால் போன ஓர் உயிர். கலவரத்தைத் தடுக்கும் மருந்தாக மையத்தை விற்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு பிராட்வாட்டர் ஃபார்மே சாட்சி. அடுத்த கலவரம் வந்த அன்றே மருந்து போலி என்று சொல்லிவிடுவார்கள்.

இனி கதையின் வினோதமான பகுதி. இத்தனை கிளப்புகளை மூடியது ஆய்வாளர்களுக்கு ஒரு வசதியைத் தந்தது. முன்பு கிளப்புக்குப் போன பிள்ளையையும் போகாத பிள்ளையையும் ஒப்பிட்டார்கள். அவர்கள் வேறு வேறு பிள்ளைகள். இப்போது நடந்து போகும் தூரத்தில் இருந்த கிளப் மூடப்பட்ட தெருக்களின் பிள்ளைகளையும், கிளப் தப்பிய தெருக்களின் பிள்ளைகளையும் ஒப்பிடலாம். எந்தக் கிளப்பை மூடுவது என்று பிள்ளைகள் முடிவு செய்யவில்லை. அதனால் இந்த ஒப்பீட்டில் பழைய பிழை பெருமளவு குறைகிறது. லண்டனின் நிதி ஆய்வுக் கழகத்துக்காக கார்மென் வியா இதைச் செய்து 2024 நவம்பரில் வெளியிட்டார். 2010க்கும் 2019க்கும் இடையில் லண்டன் யூத் கிளப்புகளில் சுமார் 30 சதவீதம் மூடப்பட்டிருந்தன. அருகிலிருந்த கிளப்பை இழந்த பிள்ளைகள் 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் ஒரு பாடத்தில் அரை கிரேடு அளவுக்குக் கீழே போனார்கள். இலவச மதிய உணவு பெறும் ஏழைப் பிள்ளைகளுக்கு அந்த இழப்பு ஒரு முழு கிரேடுக்கும் மேல். 10 முதல் 17 வயதுக்காரர்கள் குற்றத்தில் சிக்குவது 14 சதவீதம் கூடியது. மூடி மிச்சம் பிடித்த ஒவ்வொரு பவுண்டுக்கும் சமூகம் கிட்டத்தட்ட 3 பவுண்டு இழந்தது.

பாடமே நடத்தாத இடம் மூடியதும் பரீட்சை மதிப்பெண் இறங்கியதைக் கவனியுங்கள். அமைதியாக உட்கார ஓர் இடம், கேட்டால் சொல்லித்தர ஒரு பெரியவர், வீட்டுக்குப் போகாமல் இருக்க இரண்டு மணி நேரம். இதை எந்தப் படிவத்திலும் எழுத இடம் இருந்ததில்லை.

இந்த ஆய்வை நீங்கள் பயன்படுத்துங்கள், மனுக்களில் போடுங்கள். ஆனால் ஒரு உறுத்தல் எனக்கு இருக்கிறது. யூத் கிளப்பின் மதிப்பை நிரூபிக்க அதை மூட வேண்டியிருந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் இழப்புதான் அந்தத் தரவு. இன்னொன்று, இங்கேயும் அளவுகோல் தேர்வும் குற்றமும்தான். நம் பிள்ளைகள் திருடாமல் இருந்தார்களா என்பதை வைத்தே அவர்களுக்கு ஒரு கூரை தரலாமா என்று முடிவு செய்யும் பழக்கம் அப்படியே இருக்கிறது. பணக்காரர்களின் கிளப்புக்கு நகரத்தின் நடுவே அரசு குத்தகை நிலம் கொடுக்கும்போது, அங்கே டென்னிஸ் ஆடுகிறவர்கள் எத்தனை குற்றத்தைத் தவிர்த்தார்கள் என்று யாரும் கணக்குக் கேட்டதில்லை.

பாபாசாகேப் 1924இல் பகிஷ்கிரித் ஹிதகாரிணி சபாவைத் தொடங்கியபோது சோலாப்பூரில் மாணவர் விடுதி நடத்தினார்கள். அதற்கு அந்த ஊர் நகராட்சியின் உதவியும் கிடைத்தது. அதே சபா பம்பாயில் ஓர் இலவசப் படிப்பகமும், மகர் இளைஞர்களுக்கு ஒரு ஹாக்கி கிளப்பும் நடத்தியது. விடுதியையும் ஹாக்கியையும் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். குடி, சூதிலிருந்து இளைஞர்களை விலக்க வேண்டும் என்ற எண்ணமும் அவர்களுக்கு இருந்தது, மறைப்பானேன். ஆனால் அதை வைத்து அளந்தவர்கள் அந்தச் சமூகத்துக்குள்ளேயே இருந்தார்கள். அந்தப் பையன்களின் பெயர் அவர்களுக்குத் தெரியும்.

மையம் நடத்தும் தோழர்களுக்கு ஒரு யோசனை. அதிகாரி பதிவேட்டைக் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். திறக்கும் நாளிலிருந்தே நீங்கள் ஒரு நோட்டு போடுங்கள். யார் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள், பள்ளிக்குப் போகிறவரா நின்றவரா, வரும்போது எந்த நிலையில் வந்தார்கள் என்று முதல் வாரத்திலேயே எழுதுங்கள். பிற்பாடு யாரோடு ஒப்பிடுகிறார்கள் என்ற சண்டை வரும்போது அந்தப் பக்கம்தான் கை கொடுக்கும். வராமல் நின்றவர்களையும் எழுதுங்கள், ஏன் நின்றார்கள் என்று வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுதுங்கள். பெண் பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தனியாக எழுதுங்கள். பொறுப்பாளர் இல்லாத நாட்களையும் மறைக்காமல் குறியுங்கள். போலீஸ் வந்து போன நாள், யாரைக் கூப்பிட்டார்கள், எதற்காக என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பூட்டுச் சாவி யார் கையில் இருக்கிறது என்பதை அட்டையிலேயே எழுதிவிடுங்கள். டாட்டன்ஹாமில் 1981இல் நடந்த சண்டை அந்தச் சாவிக்காகத்தான்.